முகவரியின் விகுதி

சென்ற ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது, சிங்கப்பூரில் எங்களோடு இருக்கும் என் தந்தையின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. கும்பகோணத்திலிருந்து அத்தை மகன் அனுப்பிய வேட்டிப் பொட்டலத்தை அவர் நாள்தோறும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. வீட்டு எண் சரியாக இல்லாததால் பொட்டலத்தைக் கொண்டுவந்து சேர்க்க முடியவில்லை என்றும், 1 வெள்ளி 90 காசு கட்டினால் மறுநாளே வந்துவிடும் என்றும் அதில் எழுதியிருந்தது. கீழே ஓர் இணைய முகவரி. அவர் அதைத் திறந்தார், கடன்பற்று அட்டையின் எண்ணைக் கொடுத்தார். அரை மணி நேரத்திற்குள் அந்த அட்டையிலிருந்து இரண்டு தடவையாக 618 வெள்ளி போய்விட்டது. அட்டையை முடக்கினோம், காவல்துறையில் புகார் கொடுத்தோம். அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை. இப்படி ஏமாந்த குடும்பம் ஒன்றாவது உங்கள் புளோக்கிலும் இருக்கும்.

என்னை உறங்கவிடாமல் செய்தது பணம் அன்று. அன்றிரவு நான் அவரிடம் சற்றுக் கடுமையாகவே, "முகவரியைப் பார்த்துத் திறங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன், அப்பா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பார்த்தேம்மா. பார்த்துட்டுத்தான் திறந்தேன்," என்றார். செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர். எந்தத் தாளையும் முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதவர். அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் அவர் எதைப் பார்த்தார்?

மறுநாள் காலையில் அந்த முகவரியை நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுத்தெழுத்தாக எழுதிப் பார்த்தேன். முதலில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் அஞ்சல் நிறுவனத்தின் பெயர். பிறகு ஒரு புள்ளி. பிறகு சிங்கப்பூரைக் குறிக்கும் எஸ்ஜி. அதோடு ஒட்டி ஓர் இணைப்புக்கோடு, 'டெலிவரி' என்னும் சொல், மீண்டும் ஒரு புள்ளி, கடைசியாக நான் அதுவரை கண்டிராத ஒரு முடிவு. என் தந்தை இடப்பக்கத்திலிருந்து படித்திருக்கிறார். தெரிந்த பெயரும் எஸ்ஜியும் வந்ததும், இது நம் ஊர் நிறுவனம்தான் என்று மனம் நிறைவடைந்து, கண் அங்கேயே நின்றுவிட்டது. தமிழையும் ஆங்கிலத்தையும் அப்படித்தானே படிக்கிறோம்? பார்த்துத் திறக்கச் சொன்ன நான், எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நான் மட்டுமல்ல, மின்தூக்கியின் உள்ளே ஒட்டப்பட்ட எச்சரிக்கைச் சுவரொட்டியும், பள்ளியிலிருந்து வரும் பெற்றோர் கடிதமும் கவனமாக இருக்கச் சொல்கின்றனவே தவிர, ஒரு முகவரியை எப்படிப் படிப்பது என்று சொல்லித் தருவதில்லை. கவனம் என்பது படிக்கத் தெரிந்த பிறகு வருவது.

இதை என் மகளுக்காவது இப்போதே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவள் தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். முதல் முயற்சி தோற்றுப்போனது. களப்பெயர், உயர்நிலைக் களம், துணைக் களம் என்று கலைச்சொற்களோடு ஆரம்பித்தேன். ஐந்தாவது நிமிடத்தில் அவள் அழிப்பானைத் தேய்த்துத் துகள்களைக் குவிக்கத் தொடங்கிவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து, அவளுடைய தமிழ் வீட்டுப்பாடத்தின் நடுவில், வேறொன்றைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் வழி திறந்தது. கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சி. 'மாமா நேற்று ஊரிலிருந்து வந்தா__', 'பறவைகள் கூட்டிற்குத் திரும்பி__' என்று பத்து வாக்கியங்கள். ஒரு வாக்கியத்தில் எழுவாயே இல்லை: 'மழையில் நனைந்துகொண்டே பேருந்து நிறுத்தத்திற்கு ஓடினாள்.' ஓடியது யார் என்பது கேள்வி. மகள் சட்டென்று, பெண் என்று எழுதினாள். வாக்கியத்தில் ஒரு பெண்ணின் பெயரும் இல்லையே, உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவள் என்னை வியப்போடு பார்த்துவிட்டு, பென்சில் முனையை 'ள்' என்னும் எழுத்தின்மேல் வைத்தாள். "கடைசியில இருக்குல்லம்மா."

அந்தப் பென்சில் முனையை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. இணைய முகவரியைப் பற்றி நான் சொல்லத் தடுமாறிய அத்தனையும் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. தமிழில் ஒரு வாக்கியம் எத்தனை சொற்களைச் சுற்றிக்கொண்டு வந்தாலும், செய்தது ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, நானா நீயா என்பதைக் கடைசிச் சொல்லின் கடைசி எழுத்துகள் சொல்லிவிடுகின்றன. அதை விகுதி என்கிறோம். விகுதி வரும்வரை காத்திருந்து பொருள் கொள்ளும் பழக்கம், தமிழ் பேசும் வீட்டில் வளரும் பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு வந்துவிடுகிறது. இணைய முகவரியும் அப்படிப்பட்டதுதான். அது யாருடையது என்பதை அதன் முகப்பு சொல்லாது, விகுதிதான் சொல்லும்.

புள்ளிக்குப் பதிலாக 'இன்'

நாங்கள் எடுத்துக்கொண்ட முதல் முகவரி தேசிய நூலக வாரியத்தினுடையது. என்எல்பி, புள்ளி, கவ், புள்ளி, எஸ்ஜி. இதை வலப்பக்கத்திலிருந்து படி, புள்ளி வரும் இடத்தில் எல்லாம் 'இன்' போடு என்றேன். எஸ்ஜி என்றால் சிங்கப்பூர், கவ் என்றால் அரசு, என்எல்பி என்றால் நூலக வாரியம். மகள் மெதுவாக, "சிங்கப்பூரின், அரசின், நூலக வாரியம்" என்று படித்தாள். அது நல்ல தமிழாகவே இருந்தது. இடமிருந்து படித்தால் குழப்பமாக இருப்பது, வலமிருந்து படித்தால் நம் பேச்சின் இயல்பான வரிசையில் வந்து அமர்ந்துகொள்கிறது: உடையவர் முன்னால், உடைமை பின்னால்.

இந்த முறையில் என் தந்தையை ஏமாற்றிய முகவரியையும் படித்தோம். முதலில் அந்தத் தெரியாத முடிவு. அந்த முடிவின் கீழ், 'எஸ்ஜி இணைப்புக்கோடு டெலிவரி' என்னும் ஒரே பெயர். அந்தப் பெயருக்கு உரியவரின் வீட்டுக்குள் ஓர் அறை. அந்த அறையின் கதவில் அஞ்சல் நிறுவனத்தின் பெயர். ஒருவர் ஒரு பெயரைப் பதிந்துகொண்டால், அதற்கு முன்னால் புள்ளி வைத்து எந்தச் சொல்லையும் எழுதிக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. என் வீட்டு அறைக்கதவில் நான் 'பிரதமர் அலுவலகம்' என்று எழுதி ஒட்டினால் யார் தடுக்க முடியும்?

இங்கே சிறு பிள்ளைகள் தடுமாறும் ஓரிடம் உண்டு. இணைப்புக்கோடு ஒட்டும், புள்ளி பிரிக்கும். 'எஸ்ஜி' என்பதற்கும் 'டெலிவரி' என்பதற்கும் நடுவில் இருந்தது கோடு. ஆகவே அவை இரண்டும் சேர்ந்து ஒரு சொல். அந்த எஸ்ஜிக்கும் சிங்கப்பூருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 'மாங்காய்' என்பதில் 'காய்' இருக்கிறது, 'வாங்காய்' என்று நாம் ஒரு சொல்லைப் புனைந்தாலும் அதில் 'காய்' இருக்கும், ஆனால் அது எந்த மரத்திலும் காய்க்காது என்று சொன்னேன். அன்று முழுவதும் அவள் வீட்டில் இல்லாத காய்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது தடுமாற்றம் அவளே கண்டுபிடித்தது. கடைசியில் பார் என்று நான் சொன்னதை நம்பி, நான் எழுதிக் கொடுத்த ஒரு போலி முகவரியின் வரிக் கடைசிக்குப் போய், அங்கே கவ் புள்ளி எஸ்ஜி இருப்பதைக் காட்டி, இது அரசாங்கத்தினுடையது என்றாள். அதற்கு முன்னால் ஒரு சாய்கோடு இருந்தது. பிழை என்னுடையது, கடைசி என்பது வரியின் கடைசி அன்று. எச்டிடிபிஎஸ் என்பதை அடுத்து வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோடுதான் முகவரியின் முற்றுப்புள்ளி. அதற்கு வலப்பக்கம் உள்ளதெல்லாம் வீட்டுக்குள் எந்த அலமாரி, எந்தத் தட்டு என்பதைச் சொல்வது. அங்கே வீட்டுக்காரர் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்வார். விரலை முதலில் அந்தச் சாய்கோட்டில் வை, பிறகு இடப்பக்கமாக நகர்த்து என்பதே எங்கள் இறுதி விதியாயிற்று. சாய்கோடே இல்லையென்றால் வரியின் கடைசியில் வைக்கலாம். அந்த இரட்டைச் சாய்கோடு உண்மையில் தேவையே இல்லை என்று, வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே 2009இல் ஒப்புக்கொண்டார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அவர் சொன்னதன் நியாயம் நன்றாகவே புரிகிறது.

வழி கேட்டுப் போகும் கைப்பேசி

ஏன் கடைசியிலிருந்து படிக்க வேண்டும் என்று மகள் கேட்டாள். மனிதர்கள் அப்படிப் படிக்காவிட்டாலும் கணினிகள் அப்படித்தான் படிக்கின்றன என்பதே விடை. கணினிக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். 0 முதல் 255 வரையுள்ள நான்கு எண்கள், நடுவே புள்ளிகள். அவை போதாமல் போனதால் இப்போது அதைவிட நீளமான எண்களும் வந்துவிட்டன. நாம் ஒரு பெயரைத் தட்டியவுடன், நமக்கு இணையச் சேவை தரும் நிறுவனத்தின் கணினி அந்தப் பெயருக்கு உரிய எண்ணைத் தேடிப் புறப்படுகிறது. ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் தேக்கா வட்டாரத்தில் வழி கேட்டுப் போவதைப் போன்றது அது. முதலில் வேர் வழங்கிகள் எனப்படும் கணினிகளிடம் கேட்கிறது. அவற்றுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள். அந்தப் பதின்மூன்றின் நகல்கள் உலகெங்கும் இருக்கின்றன. அவற்றுக்கு முடிவுகள் மட்டுமே தெரியும். 'எஸ்ஜியா? அதோ, அவர்களிடம் கேள்' என்று கைகாட்டும். எஸ்ஜி முடிவைக் கவனித்துக்கொள்வது எஸ்ஜிநிக் என்னும் நம் ஊர் அமைப்பு. அதன் கணினிகள் அடுத்த படியைக் காட்டும், அங்கே இருப்பது அதற்கடுத்த படியைக் காட்டும். யாருக்கும் முழு வழி தெரியாது. ஒவ்வொருவருக்கும் தமக்கு அடுத்த ஆள் யார் என்பது மட்டும் தெரியும். கண் இமைப்பதற்குள் இத்தனையும் நடந்து, எண் கைக்கு வந்துவிடுகிறது. அதைச் சிறிது நேரம் நினைவிலும் வைத்துக்கொள்கிறது, உடனே மறுபடியும் கேட்டால் இத்தனை தூரம் நடக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு ஓர் இரகசியமும் சொல்லலாம். ஒவ்வொரு முகவரியின் கடைசியிலும் நாம் எழுதாத ஒரு புள்ளி இருக்கிறது. எஸ்ஜிக்குப் பிறகு, காம் என்பதற்குப் பிறகு, கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் அந்தப் புள்ளிதான் வேர். எல்லாப் பெயர்களும் அதிலிருந்து கிளைத்தவை.

முன்பு இப்படி இல்லை. இணையத்தின் தொடக்க காலத்தில் அதில் இணைந்திருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையாரின் குழு அதைப் பராமரித்தது; புதிய கணினியை இணைப்பவர் அவர்களிடம் சொல்லிப் பெயரைச் சேர்க்க வேண்டும், மற்றவர்கள் அந்தக் கோப்பைப் படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகப் பெருக ஒரு கோப்பு தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர், பெயர்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அந்தந்தப் பகுதியை அந்தந்த இடத்தார் பார்த்துக்கொள்ளும் இன்றைய முறையை வகுத்தார். காம், எட்யூ, கவ், ஆர்க், நெட் போன்ற முடிவுகள் 1985 வாக்கில் வந்தன. காம் முடிவில் முதலில் பதியப்பட்ட பெயர் சிம்பாலிக்ஸ் என்னும் அமெரிக்கக் கணினி நிறுவனத்தினுடையது, 1985 மார்ச் 15ஆம் நாள்.

முடிவுகளைப் பற்றிப் பட்டியல் போட இங்கே எனக்கு விருப்பமில்லை, ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு மூன்று போதும் என்பது என் கருத்து. ரோமன் எழுத்தில் இரண்டே எழுத்துள்ள முடிவு எதுவாயினும் அது ஒரு நாட்டுக்கோ நிலப்பகுதிக்கோ உரியது: எஸ்ஜி நமக்கு, எம்ஒய் மலேசியாவுக்கு, ஐஎன் இந்தியாவுக்கு, எல்கே இலங்கைக்கு. காம் என்பதை யார் வேண்டுமானாலும் பதியலாம், ஆகவே அது எதையும் உறுதி செய்வதில்லை. கவ் புள்ளி எஸ்ஜி என்பதைச் சிங்கப்பூர் அரசாங்கம் மட்டுமே பயன்படுத்த முடியும். நாட்டு முடிவு என்றால் அந்த நாட்டவருடையதுதான் என்றும் எண்ணிவிடக்கூடாது. டிவி என்று முடிவதைத் தொலைக்காட்சி என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பசிபிக் கடலில் ஏறத்தாழ 11,000 பேர் வாழும் துவாலு என்னும் தீவு நாட்டின் முடிவு. அந்தப் பெயரை மற்றவர்கள் பயன்படுத்தக் கொடுத்து அந்நாடு வருமானம் பெறுகிறது. ஏஐ என்பது கரீபியக் கடலில் உள்ள அங்குயிலா தீவுடையது. மகள் உலக வரைபடத்தில் துவாலுவைத் தேடிக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது, அதை நான் வீணான நேரமாகக் கருதவில்லை.

முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பூட்டு இருந்தால் பாதுகாப்பு என்று ஒரு காலத்தில் நாமே சொல்லிக்கொடுத்தோம். கடித உறை ஒட்டப்பட்டிருக்கிறது, வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது என்பதைத்தான் பூட்டு சொல்கிறது. கடிதம் போய்ச் சேரும் ஆள் நல்லவரா என்பதை அது சொல்லாது. என் தந்தை திறந்த பக்கத்திலும் பூட்டு இருந்தது.

நம் எழுத்தில் ஒரு முடிவு

சிங்கப்பூருக்கு எஸ்ஜி மட்டுமல்லாமல் வேறு இரண்டு முடிவுகளும் உண்டு என்பதைச் சொன்னபோது மகள் நம்பவில்லை. சீன எழுத்தில் ஒன்று, தமிழ் எழுத்தில் ஒன்று. '.சிங்கப்பூர்' என்றே முடிகிற முகவரிகளைப் பதியும் உரிமை 2011இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபுச் சிற்றரசுகள் ஆகியவற்றின் அரபு முடிவுகள் முதன்முதலாக நடைமுறைக்கு வந்திருந்தன. தமிழில் '.இந்தியா', '.இலங்கை' என்பனவும் இருக்கின்றன. மூன்று நாடுகள் தம் முகவரியின் விகுதியைத் தமிழில் எழுதியிருக்கின்றன என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை.

மகள் அதைப் பெரிய எழுத்தில் எழுதிப் பார்த்தாள். எழுதி முடித்ததும் புள்ளிகளை எண்ணினாள். ங், ப், ர் ஆகிய மூன்றின் தலையிலும் மூன்று புள்ளிகள். நான்காவது மட்டும் தரையில், எல்லாவற்றுக்கும் முன்னால். "இது மட்டும் ஏன் கீழே உட்கார்ந்திருக்கு?" என்றாள். மேலே இருப்பவை எழுத்துக்கு உரியவை, கீழே இருப்பது முகவரிக்கு உரியது என்றேன். உள்ளே, கணினிகள் ஒன்றோடொன்று பேசும் இடத்தில், தமிழ் எழுத்து அப்படியே போவதில்லை. அந்தப் பழைய முறைக்கு ரோமன் எழுத்தும் எண்ணும் இணைப்புக்கோடும் மட்டுமே பழக்கம் என்பதால், நம் '.சிங்கப்பூர்' எக்ஸ், என், இரண்டு கோடுகள் என்று தொடங்கும் ஒரு நீண்ட சரமாக மாற்றப்பட்டுப் பயணம் செய்து, திரையில் மீண்டும் தமிழாகிறது.

எழுத்துகள் பெருகும்போது ஏமாற்றும் வழிகளும் பெருகும். ஆங்கிலத்தில் 'ஓ' எழுத்தையும் பூச்சியத்தையும் மாற்றி வைப்பது பழைய தந்திரம். தமிழிலும் அப்படிப்பட்ட இரட்டையர் உண்டு. 'ஔ' என்னும் ஓர் எழுத்தையும், 'ஒ' எழுதிப் பக்கத்தில் 'ள' எழுதியதையும் அருகருகே தட்டிக் காட்டினேன். தமிழ் எண்ணில் ஒன்றான '௧' என்பதையும் 'க' என்பதையும் காட்டினேன். கண்ணுக்கு ஒன்றுபோல் இருப்பவை கணினிக்கு வெவ்வேறு. அவள் திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள்.

இதைத் தமிழ் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். இணையப் பாதுகாப்பு என்பது ஆங்கிலத்தில், வேறொரு பாடவேளையில், வேறோர் ஆசிரியர் சொல்வது என்று நாம் ஒதுக்கிவைத்திருக்கிறோம். 'வந்தான், வந்தாள், வந்தார்' என்று கரும்பலகையில் எழுதி விகுதியின்கீழ்க் கோடு போடும் அதே ஆசிரியர், அதற்கடுத்து ஒரு முகவரியை எழுதி அதன் விகுதியின்கீழும் கோடு போட்டால், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் பாடம் அது. அப்படிக் கற்ற பிள்ளை அதை வீட்டில் தாத்தா பாட்டிக்குத் தமிழிலேயே சொல்லவும் முடியும். எங்கள் வீட்டில் நான் சொன்னபோது அறிவுரையாகப் பட்டது, பேத்தி சொன்னபோது விளையாட்டாகிவிட்டது.

சென்ற வாரம் என் தந்தைக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நூலகத்தில் இரவல் வாங்கிய புத்தகங்களைத் திருப்பித் தர வேண்டிய நாள் நெருங்குகிறது என்று. கீழே ஓர் இணைய முகவரி. நான் சமையலறையில் இருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேத்தியைக் கூப்பிட்டார். அவள் வந்து பக்கத்தில் அமர்ந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவர் சுட்டுவிரலால் முதல் சாய்கோட்டைத் தேடி, அங்கே விரலை ஊன்றி, மெல்ல இடப்பக்கம் நகர்த்தினார். "சிங்கப்பூரின்," என்றார். ஒரு புள்ளியைக் கடந்து, "அரசின்," என்றார்.

"அதுக்கு முன்னாடி, தாத்தா?"

அவர் விரலை இன்னும் சற்று நகர்த்தினார்.